மருந்துச் சாலையும் கஞ்சாவும்

கஞ்சா என்னும் பெயரைத் தலைப்பின்கீழ்க் கண்டவுடன் முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள வேண்டுகின்றேன். தெருமுனையிற் புகைந்து இளைஞரைக் கெடுக்கும் பொருளைப் பாராட்ட யான் பேனா எடுத்தேனல்லேன். அப்பொருளே மருந்தாக அளந்து கொடுக்கப்படும் சாலைகள் சில நாடுகளில் இன்று உள. நம் சென்னையிலும் ஒரு காலத்தில் அம்மருந்து அலமாரியில் இருந்தது, இப்பொழுது இல்லை. இருந்தது ஏன், இல்லாமற் போனது எவ்வாறு, இல்லாமையால் நோயாளிக்கு உண்மையில் நேர்ந்த இழப்பு யாது என்பவற்றை ஒரு நோயாளியின் பொருட்டு யான் தேடி அறிய நேர்ந்தது. அறிந்ததை ஈண்டு எழுதுகின்றேன்.

அந்நோயாளி என் அத்தை. நந்தனத்தில் எங்கள் இல்லத்திலேயே இருப்பவர். நந்தனம் என்றவுடன் புதியவர் பூஞ்சோலையை எண்ணுவர். நந்தன ஆண்டில், அஃதாவது 1952-க்கும் 53-க்கும் இடையில், இக்குடியிருப்பு எழுந்தமையால் இராஜாஜி அப்பெயரை இட்டார் என்பது இப்பகுதியார் வழங்கும் வரலாறு. 1937-ல் மதுவிலக்குச் சட்டத்தைச் சென்னை மாகாணத்திற் கொணர்ந்தவரும் அவரே. அச்சட்டம் இக்கட்டுரையிற் பின்னர் ஒரு முறை தலைகாட்டும் ஆதலின் இங்கே குறித்து வைத்தேன்.

அத்தைக்கு மார்பில் தோன்றிய புற்று எலும்பிற்கும் பரவிவிட்டது. மருந்தை நரம்பில் ஏற்றிய நாள்முதல் மூன்று நாட்கள் கஞ்சித் தண்ணீரும் வயிற்றில் தங்காது. நான்காம் நாள் வாந்தி ஓயும். இடுப்பெலும்பின் வலி எழும். இரவில் அவர் வாய்விட்டு அரற்றுவதில்லை. சுவரில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டிருப்பார். அடுத்த அறையில் நன்னூலை வைத்துக்கொண்டிருக்கும் எனக்கு அவ்வொலி கேட்கும். எத்தனை மணிக்குத் தொடங்கிற்று, எத்தனை மணிக்கு நின்றது என்று கணக்கு வைக்கத் தொடங்கினேன். வேறு செய்யத்தக்கது ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

இந்நிலையில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வேலை பார்க்கும் அத்தான், அத்தையின் மூத்த மகன், ஒரு கடிதம் எழுதினார். "தம்பி, இங்கே அண்டை வீட்டு முதியவர் ஒருவர் அம்மாவைப் போலவே நோயுற்றிருக்கின்றார். கஞ்சாவிலிருந்து எடுத்த எண்ணெயை நாவின் கீழ் விட்டுக்கொள்கின்றார். வாந்தி அடங்கிப் பசி எடுக்கின்றதாம். நம் நாட்டு மூலிகைதானே அது! நாட்டு மருந்துக் கடையில் இல்லாமலா போகும்? விசாரித்து எழுது" என்பது அதன் சாரம். அம்முதியவருடன் தாமும் அம்மருந்துச் சாலைக்குச் சென்று வந்ததாகக் கூறி, கண்டவற்றையும் விரித்து எழுதியிருந்தார்.

அவர் விரித்தது கேட்கத் தகுந்தது. வாயிலில் காவலர் ஒருவர் அடையாளச் சீட்டைப் பார்த்த பின்னரே கதவு திறக்கும். உள்ளே நகைக்கடை போன்ற விளக்கொளி. கண்ணாடிப் பேழைகளில் பூங்கொத்துகள், எண்ணெய்ச் சிமிழ்கள், மிட்டாய்கள். ஒவ்வொன்றன் மேலும் இன்ன சத்து நூற்றுக்கு இத்தனை பங்கு என்று சோதனைச் சாலை கண்ட அளவு அச்சிடப்பட்டிருக்கும். விற்பவர் இளைஞர், இனிய முகத்தினர், ஆனால் மருந்தாளுநர் அல்லர். "இரவில் உறங்க எது நல்லது?" என்று முதியவர் கேட்டபொழுது, தமக்கு எது பிடித்திருந்தது என்பதை அவ்விளைஞர் சொன்னாராம். பெரும்பாலும் ரொக்கமாகவே பணம் வாங்குகின்றனர். ஏனெனில் மாகாணச் சட்டம் இவ்வாணிகத்தை ஒப்பினும், நாட்டின் நடுவண் சட்டத்திற்கு அஞ்சிப் பல வங்கிகள் அருகே வருவதில்லை.

கலிபோர்னியா மக்கள் 1996-ல் வாக்களித்து, நோயாளிகள் கஞ்சாவை வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்காவிலேயே முதன் முதலாக விதித்தனர். 2018 தொடங்கி, நோயில்லாதவரும் இருபத்தொரு வயது நிரம்பினால் அங்கே அதனை வாங்கலாம். மற்றொன்று அறிய வேண்டும். அந்நாட்டு மருத்துவர் அதற்கு மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. நடுவண் சட்டம் அதற்கு இடந்தரவில்லை. "இவருக்கு இது பயன்படக்கூடும்" என்று ஒரு பரிந்துரை மட்டும் அளிப்பார். எவ்வளவு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்பவை கடையிலேயே முடிவாகின்றன. மருந்துச் சாலை என்று பெயரிருந்தும், மருந்தை அளக்கும் கை அங்கே இல்லை. கடிதத்தை முதன்முறை படித்தபொழுது இதனை யான் கவனிக்கவில்லை. கண்ணாடிப் பேழைகளே கண்ணில் நின்றன.

மறுநாள் மாலையே மயிலாப்பூருக்குச் சென்றேன். குளத்தருகிலுள்ள தெருவொன்றில் பழைய நாட்டு மருந்துக் கடை ஒன்று உண்டு. கடுக்காயும் சுக்கும் அதிமதுரமும் கலந்த மணம் தெருவிலேயே எதிர்கொள்ளும். இருநூறு இழுப்பறைகளாவது இருக்கும். எதில் எது என்று பெயர் எழுதப்படவில்லை. கடைக்காரர் கைக்கு மட்டும் தெரியும். கூட்டம் குறையும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் என்னைத் தலைமுதற் கால்வரை பார்த்தார். "தம்பி காலேஜில் படிக்கின்றீர்களா?" என்றார். "ஆம்" என்றேன். "நன்றாகப் படியுங்கள். அந்தப் பேரை இந்தக் கடையில் சொல்லாதீர்கள்" என்று கூறி, யான் கேளாத சீரகத்தை ஐம்பது கிராம் பொட்டலங்கட்டிக் கையிற் கொடுத்தார். காசும் வாங்கவில்லை. அத்தைக்கு வாந்தி என்பதை மட்டும் அவர் காதில் வாங்கியிருந்தார் போலும்.

தியாகராய நகரில் ஆங்கில மருந்துக் கடை ஒன்றிலும் கேட்டேன். கஞ்சாச் சத்தைப் போன்றே செயற்கையாகச் செய்யப்பட்ட டிரோனபினால், நபிலோன் என்னும் இரு மருந்துகள் புற்று மருந்தால் வரும் வாந்திக்கென 1985-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றவை என்று படித்திருந்தேன். கடையிலிருந்த பெண்மணி இரு பெயர்களையும் கணிப்பொறியில் இட்டுப் பார்த்து, "எங்களிடம் வருவதேயில்லை" என்றார்.

மூன்றாவதாக, அடையாற்றில் எங்கள் குடும்பத்திற்கு அறிமுகமான சித்த மருத்துவர் ஒருவரை அடைந்தேன். அவர்தாம் என்னை அமரச் செய்து முறையாகப் பாடஞ் சொன்னார். அச்செடியைச் சித்தர் மரபில் கோரக்கர் மூலி என்றும் சிவமூலி என்றும் வழங்குவர். வடமொழி மருத்துவர் விஜயா என்றும் பங்கா என்றும் கூறுவர். இலேகியம், சூரணம் ஆகியவற்றில் அது சேர்வதுண்டு. கழிச்சலை நிறுத்தவும், உறக்கத்தை வருவிக்கவும், பசியைத் தூண்டவும் பயன்படும். மதன காமேசுவர இலேகியத்தில் அது சேரும். ஆயுர்வேதத்தில் ஜாதீபலாதி சூரணத்தில் அதன் இலையே பெரும்பங்கு. "தனியே கொடுப்பதில்லை, சுத்தி செய்யாமலும் கொடுப்பதில்லை" என்று அவர் இருமுறை அழுத்திச் சொன்னார்.

சுத்தி செய்யும் முறை என்னைக் கவர்ந்தது. இலையை நீரிலிட்டுப் பிசைந்து பிழிந்து, பச்சை நீர் போகும் வரை பன்முறை அலசி, உலர்த்திப் பின் பசு நெய்யில் இளவறுப்பாக வறுக்க வேண்டும். இதனைக் கேட்டபொழுது இன்றைய இரசாயன நூலார் கூறுவது நினைவிற்கு வந்தது. கஞ்சாவின் தலையாய சத்து நீரிற் கரையாது. ஆகவே எத்துணை அலசினும் அழுக்கும் கசப்பும் போகுமேயன்றி அது போகாது. பச்சைச் செடியில் அச்சத்துப் பெரிதும் அமில வடிவில் உறங்கிக் கிடக்கின்றது, சூடேறினாற்றான் விழிக்கும். விழித்தபின் நெய்யில் நன்கு கரையும். அலசுதல், வறுத்தல், நெய் என்னும் மூன்றும் இரசாயனம் அறியாத காலத்தில் எவ்வாறு ஒருங்கு சேர்ந்தன என்பதை நினைந்து வியந்தேன். மருத்துவர் வியக்கவில்லை. "செய்து செய்து பார்த்திருப்பார்கள்" என்றார்.

"அப்படியாயின் அத்தைக்கு ஒரு சூரணம் தரலாமே" என்றேன். அவர் நகைத்தார். "தமிழ்நாட்டில் யான் அதனை எங்கே வாங்குவேன்? எனக்குப் பின்வந்த மாணாக்கர் பலர் அச்செடியைப் படத்திற் பார்த்தவர்களே" என்றார்.

மருந்து ஊரைவிட்டுப் போன கதையை அறிய எழும்பூர்க் கன்னிமாரா நூல்நிலையத்தில் நான்கு நாட்கள் அமர்ந்தேன். தமிழ் பயில்வோன் ஆதலின் முதலிற் சொல்லைத் தேடினேன். சங்க நூல்களில் கள் உண்டு, நறவு உண்டு, தேறல் உண்டு. கஞ்சா என்னும் சொல் இல்லை. அது வடசொல்லின் வழியாக நம்மிடம் வந்தது. வெள்ளையர் நூல்களில் அது நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. சென்னைப் படையில் மருத்துவராயிருந்த ஒயிட்லா எயின்ஸ்லி என்பார் 1813-ல் இந்நகரிலேயே ஒரு மருந்துப் பொருள் நூலை அச்சிட்டார். நம் கடைவீதிச் சரக்குகளின் தமிழ்ப் பெயர்களை அதிற் காணலாம்.

ஆயினும் கஞ்சாவை மேனாட்டு மருத்துவத்துள் நுழைத்தவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஓஷானசி. அயர்லாந்தினர், பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பி அமைத்தவரும் இவரே. இவர் கடைவீதிக் கஞ்சாவைச் சாராயத்தில் ஊறவைத்து, முதலில் நாய் முதலிய பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பின்னர் வாதம், இசிவு, வாந்திபேதி ஆகிய நோயாளிகளுக்கு அளந்து கொடுத்து, 1839-ல் வெளியிட்டார். அவ்வெளியீட்டில் ஒரு குழந்தையின் வரலாறு உண்டு. நாற்பது நாட் பிராயம், ஓயாத வலிப்பு. பிற மருந்துகள் பலிக்கவில்லை. சொட்டுச் சொட்டாகக் கஞ்சா அரிட்டத்தை ஏற்றிக் கொடுக்க, வலிப்பு நின்று குழந்தை பிழைத்தது. நூற்றெழுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 2018-ல், அச்செடியின் மயக்கந்தராத சத்தாகிய கன்னாபிடையாலைக் குழந்தைகளின் கொடிய வலிப்பு வகைகள் இரண்டிற்கு அமெரிக்க அரசாங்கம் மருந்தாக ஒப்பியது. இரண்டு செய்திகளையும் ஒரே மேசையில் அடுத்தடுத்துப் படித்தேன்.

1868-ல் வேரிங் என்பார் தொகுத்த இந்திய மருந்துத் தொகுப்பு நூலில் கஞ்சாச் சத்தும் அரிட்டமும் அதிகாரம் பெற்றன. அதற்கு மறு ஆண்டு, அந்நூலுக்கு ஒரு துணைநூல் சென்னையில் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் மருந்துச் சரக்குகளின் பெயரைச் சரிபார்த்துத் தொகுத்தது அது. ஆசிரியர் மொகிதீன் ஷெரீப். நந்தனத்திலிருந்து அதிக தொலைவில்லாத திருவல்லிக்கேணி மருந்துச் சாலையின் மருத்துவர். ஐரோப்பிய மருந்தையும் நாட்டு மருந்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, எது எந்நோய்க்கு எந்த அளவில் உதவியது என்று எழுதிவைத்தவர். அவர்தம் சென்னை மருந்துப் பொருள் நூல் 1891-ல் அச்சேறியது. நம் ஊரில் மருந்துச் சாலை என்றால் அத்தகையதாக இருந்தது: மருந்தளிப்பவரே குறிப்பேடும் வைத்திருந்தார்.

பிறகு ஏன் மறைந்தது? பழியனைத்தையும் சட்டத்தின் மேலேற்றுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. முதற் குற்றம் மருந்தினுடையதே. ஒரு புட்டியைப் போல மறு புட்டி இராது. ஒன்று உறைக்கும், மற்றொன்று வெறுஞ் சாராயமாய் நிற்கும். நாட்பட வீரியம் குன்றும். ஊசியால் மருந்தேற்றும் முறை வந்தபின், நீரிற் கரையும் மார்பீன் நொடியில் வலியைத் தணித்தது. நீரிற் கரையாத கஞ்சா பின்தங்கிற்று. 1932-ல் பிரிட்டிஷ் மருந்துத் தொகுப்பு அதனை நீக்கியது. 1942-ல் அமெரிக்கத் தொகுப்பும் நீக்கியது. சத்து இன்னதென்று மெக்கூலம், காவோனி என்னும் இஸ்ரேலிய அறிஞர் இருவர் பிரித்தறிந்தது 1964-ல்தான். அதற்குள் மருத்துவர் அதனை மறந்திருந்தனர்.

இனிச் சட்டத்தின் கதை. 1893-94-ல் ஆங்கில அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. எழுவர் உறுப்பினர், 1193 சாட்சிகள், பல தொகுதிகளில் அறிக்கை. சென்னை மாகாணத்தாரும் சான்று கூறினர். மிதமாய்ப் பயன்படுத்துவோர்க்குப் பெருந்தீங்கு இல்லை. மிகையாய்ப் பயன்படுத்துவோர்க்குத் தீங்குண்டு. முற்றத் தடுப்பது தேவையன்று. வரி விதித்து உரிமம் அளித்து அடக்குவதே நன்று என்பது அவர்கள் முடிவு. (வரியால் அரசாங்கத்திற்கும் வருவாய் உண்டு என்பதை மறத்தலாகாது.) ஆகவே வட ஆர்க்காட்டிலும் கிருஷ்ணா ஜில்லாவிலும் மேற்பார்வையிற் பயிர் செய்து, ஏலமெடுத்த கடைகளில் விற்றனர். இராஜாஜியின் 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இக்கடைகளுக்கு முடிவு கட்டத் தொடங்கிற்று. அச்சட்டம் கள், சாராயத்தை மட்டும் விலக்கியது என்று எண்ணியிருந்தேன்; அன்று. போதை மருந்து என்பதன் விளக்கத்தில் கஞ்சாச் செடியின் இலையும் சிறு தண்டும் பூவும் அடங்கும். 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுதும் பரவியது.

இலை என்னும் இச்சிறு சொல்லே இன்றுவரை பெரும் வேறுபாட்டிற்குக் காரணம். 1985-ல் இந்திய நாடு முழுமைக்கும் வந்த போதைப் பொருட் சட்டம், பூவும் காயுமான நுனியையே கஞ்சா என்று பெயரிட்டுத் தடுக்கின்றது. நுனியின்றித் தனித்த இலையையும் விதையையும் விலக்கி வைத்துள்ளது. ஆகவேதான் காசியிலும் இராஜஸ்தானத்திலும் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் உள. ஆகவேதான் 2020 பிப்ரவரியில் பெங்களூர்க் கோரமங்கலத்தில், இந்தியாவின் முதற் கஞ்சா மருத்துவ நிலையம் என்று தன்னைக் கூறிக்கொண்ட ஒன்று திறக்கப்பட்டது. இலையின் சத்தை ஆயுர்வேத மருந்தாக, மருத்துவர் சீட்டின்மேல் அளிப்பது அதன் முறை. நம் மாநிலச் சட்டமோ இலையையும் சேர்த்துக் கட்டிவிட்டது. மருத்துவத்திற்கென உரிமம் அளிக்கும் வாயில் நடுவண் சட்டத்திலும் நம் சட்டத்திலும் இருக்கத்தான் செய்கின்றது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைப் பிரிவே "மருத்துவத்திற்கும் அறிவியலுக்கும் அன்றி" என்னும் கருத்தோடுதான் அமைந்துள்ளது. கதவு உண்டு, தட்டுவாருமிலர், திறப்பாருமிலர். ஐக்கிய நாடுகள் அவையின் போதைப் பொருட் குழு 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுந்தடைப் பட்டியலிலிருந்து 27-க்கு 25 என்னும் வாக்கில் எடுத்தபொழுது, எடுக்கலாம் என்று வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இவ்வளவும் குறித்துக்கொண்டு, வழக்கறிஞன்போல் சினத்தோடு அத்தையின் மருத்துவ மனைக்குச் சென்றேன். அங்கே வலி தணிக்கும் பகுதியிலுள்ள மருத்துவ அம்மையார் என் குறிப்பேட்டைப் பொறுமையாகப் புரட்டினார். பின்னர், "உங்கள் அத்தைக்கு வேண்டியவை இரண்டு, வாந்தி நிற்க வேண்டும், வலி தணிய வேண்டும். இரண்டையும் தனித்தனியே பாருங்கள்" என்றார்.

வாந்திக்குக் கஞ்சாச் சத்து உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அஃது எழுந்த காலத்திற்குப் பின் அதனினும் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. மன நோய்க்கென முதலில் வந்த ஓலன்சபின் என்னும் மலிவான மாத்திரை சிறு அளவில் இரவிற் கொடுக்கப்படின், புற்று மருந்தால் வரும் குமட்டலைப் பெரிதும் அடக்கும். எலும்பின் வலிக்கோ, மார்பீனோடு கஞ்சாச் சத்தைச் சேர்த்துக் கொடுத்து நோயாளிகள் பலரிடம் சோதித்தும், வெறும் போலி மருந்தினும் அது தெளிவாக மேம்பட்டதாகக் காணப்படவில்லை. தண்டுவட நோயால் தசை இறுகினோர்க்கும், வலிப்புற்ற குழந்தைகளுக்கும் அதன் பயன் நன்கு நாட்டப்பட்டது. புற்றையே அது கரைத்துவிடும் என்று சிலர் பரப்புவதற்குச் சான்றில்லை. இளைஞர் மிகுதியாகப் பயன்படுத்தின் மனம் பேதலிப்பதுண்டு. இவ்வாறு அவர் ஒவ்வொன்றாய்ப் பிரித்துரைக்க, யான் நான்கு நாள் சேர்த்த சினம் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"மார்பீன் கஞ்சாவினும் கொடியது அன்றோ?" என்றேன். "ஆம்" என்றார். மிகையானால் மார்பீன் மூச்சை நிறுத்தும். கஞ்சாச் சத்து பற்றும் இடங்கள் மூளையின் மூச்சை ஆளும் பகுதியில் மிகக் குறைவு; ஆதலின் அவ்வாறு நிறுத்தாது. நம் மூளையே கஞ்சாச் சத்தையொத்த ஒன்றைத் தானே சுரக்கின்றது. அதனை 1992-ல் கண்டறிந்தோர், வடமொழி ஆனந்தத்தை எடுத்து ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர். இருந்தும், கொடியது கிடைக்கின்றது, மெல்லியது கிடைக்கவில்லை. இம்முரணுக்குக் காரணம் வரலாற்றில் இருக்கின்றது.

1985-ஆம் ஆண்டுச் சட்டம் மார்பீனையும் ஏறத்தாழ ஒழித்துவிட்டது. ஒரு மருத்துவ மனை அதனை வாங்க நான்கு ஐந்து உரிமங்கள் வேண்டியிருந்தன. ஒன்று கைக்கு வருமுன் மற்றொன்று காலாவதியாகும். தண்டனைக்கு அஞ்சி மருந்துக் கடைகள் கைகழுவின. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டில் மருந்தாகப் பயன்பட்ட மார்பீன் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் குறைந்தது. அபின் பயிரிட்டு உலகுக்கு விற்கும் நாடு நம்முடையது. இங்கே புற்று நோயாளர் வலியோடு இறந்தனர். 1993-ல் கோழிக்கோட்டில் வலி தணிப்புப் பணியைத் தொடங்கிய மருத்துவர் சிலரும் அவர்களைப் போன்றோரும் இருபதாண்டுகள் மன்றாடினர். 2014-ல் சட்டம் திருந்தியது. இன்றியமையாப் போதை மருந்துகள் என ஆறு பெயர்கள் குறிக்கப்பட்டு, ஒரே அதிகாரியின் ஏற்புப் பெற்ற மருத்துவ மனை அவற்றை வைத்திருக்கலாம் என்றாயிற்று. அவ்வாறில் மார்பீன் ஒன்று, கஞ்சா இல்லை. அதற்காக மன்றாடியவர் அப்பொழுது மிகச் சிலர். மன்றாடியவருள்ளும் வேடிக்கையாகப் புகைக்க விரும்பியவர் குரலே உரக்கக் கேட்டது. வலிப்புற்ற பிள்ளையை மடியிற் கிடத்திய தாயின் குரல் அதனுள் அமிழ்ந்துவிட்டது என்பது என் கருத்து.

அம்மையார் அத்தைக்குப் பத்து மில்லிகிராம் மார்பீன் மாத்திரை எழுதினார். நான்கு மணிக்கு ஒன்று. மலச்சிக்கலுக்குக் கூடவே மற்றொன்று. மருந்தாளுநர் இரட்டைப் பூட்டைத் திறந்து, மாத்திரைகளை என் கண்முன் எண்ணி, பேரேட்டிற் பதிந்து, கையொப்பம் வாங்கினார். "வாரந்தோறும் வாருங்கள், எத்தனை மீந்தது, எத்தனை இரவு உறங்கினார் என்று எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றார். யான் முன்னமே வைத்திருந்த கணக்கை எடுத்து நீட்டினேன். அவர் அதனை வாங்கிக் கோப்பிற் சேர்த்துக்கொண்டார். கண்ணாடிப் பேழை ஒன்றும் அவ்விடத்தில் இல்லை. சுவரில் ஒரு நாட்காட்டியும் இரும்பு அலமாரியுமே இருந்தன.

அன்றிரவு சுவரில் ஒலி எழவில்லை. நள்ளிரவிற் சென்று பார்த்தேன், உறங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இட்லி ஒன்று உண்டு, "மயிலாப்பூர்ச் சீரகத்தைக் கொதிக்கவைத்துக் கொண்டா" என்றார். கஞ்சாத் தேடலை அவரிடம் முழுதும் சொன்னபொழுது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நகைத்தார். வலிக்குமே என்று எனக்கு அச்சமாயிருந்தது.

அத்தானுக்கு விரிவாகப் பதில் எழுதினேன். அடையாற்றுச் சித்த மருத்துவரையும் மறுமுறை கண்டு நடந்ததைக் கூறினேன். அவர் மகிழ்ந்தார். விடைபெறும்பொழுது, தம்மிடம் வலிப்போடு வரும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். நான்கு ஆங்கில மருந்துகள் கொடுத்தும் நாளுக்குப் பல முறை வருகின்றதாம். "ஓஷானசியின் அந்தக் குழந்தை வரலாறு எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்று குறித்துத் தாருங்கள்" என்று கேட்டார். வரும் சனிக்கிழமை கன்னிமாராவுக்குச் சென்று எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கின்றேன்.